துண்டு: ஒரு கடன்சொல்லின் கணக்கு

இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர்களின் நூல்களில் ஒரு தமிழ்ச் சொல் சாய்வெழுத்தில் அடிக்கடி தலைகாட்டும். ‘துண்டு’ என்பதே அது. கூலி, கங்காணி ஆகிய சொற்களைப்போல அது கடல் கடந்து பரவவில்லை. இலங்கைத் தொழிலாளர் வரலாற்றைப் படிப்பவர்களைத் தவிர அதை அறிந்த ஆங்கில வாசகர்கள் மிகச் சிலரே. நூலின் கடைசியில் வரும் சொற்பட்டியலில் அதற்கு ஒரு வரி விளக்கம் கிடைக்கும்: தொழிலாளியின் கடனைக் கட்டிவிட்டால் அவரை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டு. இன்னும் சுருக்கினால், விடுவிப்புச் சீட்டு. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது துரையின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிய விளக்கம். அந்தத் தாளில் முக்கியமாக எழுதப்பட்டிருந்தது ஒரு தொகை. அந்தத் தொகையைக் கொடுக்கிறவருக்கு ஆட்களும் சேர்ந்து போனார்கள். ஆகவே துண்டை, தொழிலாளர் கூட்டத்தின் கடனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறத்தக்க சொத்தாக ஆக்கிய ஆவணம் என்றே வாசிக்க வேண்டும். அதற்குத் தமிழ்ப் பெயர் நிலைத்ததும் தற்செயலான சங்கதி என்று விட்டுவிட முடியாது. பதுளையையும் அதைச் சூழ்ந்த ஊவா மாகாணத் தோட்டங்களையும் முன்னிறுத்தி இதை ஆராய்ந்தால் இரண்டும் தெளிவாகும்.

முதலில் துண்டு எப்படி நடைமுறையில் இருந்தது என்று பார்க்கலாம். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பெரிய கங்காணியும் அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகளும் அவர்களுடைய ஆட்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆட்களைத் திருச்சிராப்பள்ளியிலிருந்தோ சேலத்திலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ கூட்டி வரத் தோட்டம் பெரிய கங்காணிக்கு முன்பணம் கொடுத்திருக்கும். ஊரில் அடைக்க வேண்டியிருந்த கடன், வழிச் செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் அந்த முன்பணத்தில் சேரும். வந்து சேர்ந்த அன்றைக்கே தொழிலாளியின் பேரில் ஒரு கடன் நிற்கும். சம்பளம் காலந்தாழ்த்தி வரும். அரிசியின் விலை அதில் கழியும். ஆகவே கடன் குறையாது. கங்காணிக்கும் துரைக்கும் ஒத்துவராமல் போகும்போது, அல்லது பக்கத்துத் தோட்டம் கூடுதல் முன்பணம் தருவதாக ஆசை காட்டும்போது, கங்காணி துண்டு கேட்பார். இந்தக் கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், இவர்களுடைய மொத்தக் கடன் இவ்வளவு, குறித்த நாளுக்குள் அதைச் செலுத்துபவருக்கு இவர்களை விட்டுக்கொடுக்கிறேன் என்று துரை எழுதிக் கையொப்பமிடுவார். அந்தத் தாளோடு கங்காணி அப்புத்தளைக்கோ வெலிமடைக்கோ போய், பணம் போடத் தயாரான தோட்டத்தைத் தேடுவார். பணம் பழைய தோட்டத்துக்குப் போகும். கடன் புதிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். கங்காணிக்குப் புதிய முன்பணமும் கிடைக்கும். அதுவும் ஆட்களின் தலையில்தான் விழும். ஒவ்வொரு பெயர்ச்சியிலும் கடன் வளர்வதற்குக் காரணம் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. அடகுச்சீட்டோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் அடகுச்சீட்டு, பொருளுக்கு உடையவரின் கையில் இருக்கும். துண்டில் பேர் ஏறியவர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை.

இந்த ஏற்பாடு ஏன் அத்தனை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு ஊவாவின் கதை நல்ல விடை தருகிறது. கோப்பிக் காலத்தில் தோட்டத்துக்குப் பெருமளவு ஆள் தேவைப்பட்டது பழம் பறிக்கும் பருவத்தில்தான். அறுவடை முடிந்ததும் பலர் வடபாதை வழியே மன்னாருக்கு நடந்து அக்கரையான தென்னிந்தியாவுக்குத் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது பதுளை மாவட்டத்தின் மடுல்சீமையில். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்த நோய் கோப்பியைத் துடைத்துப் போட்டது. மலைச் சரிவுகளில் தேயிலை ஏறியது. 1890இல் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்துத் தம்பேத்தன்னை போன்ற தோட்டங்களை வாங்கியபோது மாற்றம் முடிவாகிவிட்டது. தேயிலைக் கொழுந்து மாதக்கணக்கில் காத்திருக்காது. ஆண்டு முழுவதும், சில நாட்களுக்கு ஒருமுறை, அதே மலையில் கொழுந்து எடுத்தாக வேண்டும். ஆகவே பருவத்துக்கு வந்து போகும் ஆண்களின் கூட்டத்துக்குப் பதிலாக, வரிசை வீடுகளான லயங்களில் குடும்பத்தோடு நிலையாகத் தங்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். நிலையாக நிற்க வைக்க ஒரு பிடி வேண்டும். கோப்பி விழுந்த காலத்தில் பல தோட்டங்கள் சம்பளப் பாக்கியோடு மூடியிருந்தன. தொழிலாளிக்குத் தோட்டத்தின்மேல் நம்பிக்கை இருக்கக் காரணமில்லை. சம்பளத்தால் கட்டிவைக்க முடியாதவர்களைக் கடனால் கட்டிவைத்தார்கள்.

இதில் தொலைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரயில் 1885இல் நானுஓயாவுக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924இல்தான். துண்டுமுறை உச்சத்தில் இருந்த காலம் முழுவதும் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைத் தோட்டங்களின் ஆட்களுக்கு ரயிலடியே தூரம். அக்கரை அதற்கும் அப்பால். மாத்தளையில் இருந்தவர் கோபித்துக்கொண்டு வடக்கே நடக்கலாம். ஊவாவின் கிழக்குக் கோடியில் இருந்தவருக்கு, ஊருக்குத் திரும்புவதைவிட அடுத்த தோட்டத்துக்கு மாறுவதே எட்டக்கூடிய வழி. அடுத்த தோட்டத்தின் வாசலிலோ துண்டு கேட்டார்கள். ஊருக்குப் போகும் பாதை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குத் துண்டின் பலம் கூடியது என்று இதிலிருந்து முடிவு செய்வது தவறாகாது.

சட்டம் என்ன சொன்னது? இங்கேதான் இந்தச் சொல்லின் உண்மையான வேலை தெரியவருகிறது. மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் போனவர்களைப்போல இலங்கைக்கு வந்தவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அவர்களுடைய வேலை மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படும் வாய்மொழி ஒப்பந்தம். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு யாரும் போகலாம். இலங்கைத் தோட்டத் தொழிலாளி சுதந்திரமான தொழிலாளி என்று தோட்டக்காரர்கள் லண்டனிலும் சென்னையிலும் பெருமையோடு சொன்னது இதை வைத்துத்தான். அதே சட்டம், சொல்லாமல் போகிறவரைச் சிறைக்கு அனுப்பியது. பிறருடைய ஆளை ஆசை காட்டி இழுப்பவரையும் தண்டித்தது. முன்னறிவித்தல் கொடுத்தேன் என்று எழுத்தறியாத ஒருவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? துண்டில்லாமல் வந்தவரைச் சேர்த்துக்கொள்ளும் துரை, வழக்குக்கும் சக துரைமாரின் பகைக்கும் ஆளாவார். இப்படிச் சட்டத்தின் மாத ஒப்பந்தமும் வழக்கத்தின் துண்டும் சேர்ந்து நின்றபோது, சட்டம் கொடுத்த உரிமையை வழக்கம் வாங்கிக்கொண்டது. துண்டை எந்தச் சட்டமும் உண்டாக்கவில்லை. சட்டத்துக்கு வெளியே நின்றதுதான் அதன் பலம்.

அதற்கு ஆங்கிலப் பெயர் வைக்காததற்கும் இதனோடு தொடர்பு உண்டு. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களிடம் ‘சிட்’ என்ற சொல் அப்போது நன்றாகப் புழங்கியது. சிறு கடிதத்துக்கும் கணக்குச் சீட்டுக்கும் அதையே சொன்னார்கள். பத்திரம், உரிமை மாற்று, பிணை என்று பொருள்படும் சட்டச் சொற்களும் ஆங்கிலத்தில் ஏராளம். ஆனால் அந்தச் சொற்களில் ஒன்றைச் சூட்டினால் அது சட்டத்தின் கேள்விகளையும் கூடவே அழைத்து வந்திருக்கும்: யாருடைய கடன், யார் கையெழுத்திட்டார்கள், மாற்றிக் கொடுக்கக் கடனாளியின் சம்மதம் உண்டா? தமிழில் ‘துண்டு’ மிகச் சாதாரணமான சொல். கிழித்த தாளும் துண்டு. தோளில் போடும் துணியும் துண்டு. வரவுக்கு மேல் செலவு போனால் ‘துண்டு விழுகிறது’ என்கிறோம். இலங்கைப் பத்திரிகைகள் வரவு செலவுத் திட்டத்தின் பற்றாக்குறையை இன்றும் ‘துண்டு விழும் தொகை’ என்றே எழுதுகின்றன. ஆளின் விலை என்ற பொருள் மட்டும் தமிழில் அதற்கு இருந்ததில்லை. அந்தப் பொருள் தோட்ட அலுவலகத்தில், துரைக்கும் கங்காணிக்கும் இடையில் உண்டானது. பிறகு ஆங்கில அறிக்கைகளில் அது ஏறியபோது, பழைய தமிழ்ப் பெயரோடு பழைய தமிழ் வழக்கம் என்ற தோற்றத்தையும் பெற்றுக்கொண்டது. பிஜியிலும் நேட்டாலிலும் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஒப்பந்தம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தொழிலாளர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி ‘கிர்மிட்’ ஆக்கினார்கள். தங்களைக் கட்டிய ஆவணத்தை எசமானின் மொழியிலேயே சொல்லி, அது எசமானுடையது என்று அடையாளம் வைத்தார்கள். இலங்கையில் எசமான் தொழிலாளியின் மொழியிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. கங்காணிமுறை வெள்ளையர் கண்டுபிடித்தது இல்லை, தமிழ்ச் சமூகத்தின் உள்ளிருந்து வந்தது, ஆகவே அதன் ஆவணத்துக்குத் தமிழ்ப் பெயர் இருப்பது இயல்பு என்பது அந்த மறுப்பு. கண்காணி என்ற பதவி சோழர் கல்வெட்டுகளிலேயே உண்டு. கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் வழங்கியது. ஊர்ப் பெரியவர் ஒருவரின் தலைமையில் உறவினரும் சாதியாரும் கூட்டமாக வேலைக்குப் போவதும் பழைய வழக்கம்தான். இதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் கோயில் கண்காணி ஆட்களைக் கடனோடு கைமாற்றியவர் இல்லை. தோட்டத்துப் பெரிய கங்காணியின் அதிகாரம் இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது: கொழும்பு ஏஜன்சி கம்பெனிகள் வழியாக வந்த முன்பணம் ஒன்று, வேலைக்கு வரும் ஒவ்வொரு ஆளுக்கும் தோட்டம் அவருக்கு அளந்த தலைக்காசு மற்றொன்று. இரண்டும் தோட்ட முதலின் பணம். உறவும் சாதியும் அந்தப் பணம் ஓடும் வாய்க்கால்களாக ஆயின. ஊரில் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் இங்கே எழுத்துக்குக் கட்டுப்பட்டார்; அந்த எழுத்தை அவரால் வாசிக்கவும் முடியவில்லை. கணக்குப் புத்தகங்கள் இதைத் தயக்கமின்றிக் காட்டுகின்றன. தோட்டக் கம்பெனிகளின் ஐந்தொகைகளில் ‘கோஸ்ட் அட்வான்ஸ்’ என்ற தலைப்பில் அக்கரை முன்பணம் சொத்துப் பக்கத்தில் எழுதப்பட்டது, தொழிற்சாலையும் இயந்திரமும் எழுதப்பட்ட அதே பக்கத்தில். பழைய வழக்கம் என்று அறிக்கைகளில் பேசப்பட்டது, கணக்கில் முதலீடாக இருந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிட நுட்பமானது. துண்டு உண்மையில் தொழிலாளிக்குச் சாதகமாக வேலை செய்தது என்பார்கள். ஆள் பற்றாக்குறை மிகுந்த காலத்தில் கங்காணிகள் துண்டைக் கேட்டு மிரட்டினார்கள். தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் அதிக முன்பணத்துக்குப் பேரம் பேசினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாழ்நிலங்களில் ரப்பர் பெருகியபோது இந்தப் பேரம் துரைமாரைத் தூங்கவிடவில்லை. தோட்டக்காரர் சங்கத்தின் புலம்பல்கள் இதற்குச் சாட்சி. ஆட்களும் சும்மா இருக்கவில்லை. கடனை விட்டுவிட்டு இரவோடிரவாக ஓடினார்கள். மலைநாட்டுத் தொழிலாளியை அசைவற்ற, அடங்கிய உருவமாக வரைவது அவருக்குச் செய்யும் அநீதி என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பேரத்தில் கிடைத்தது யாருக்குப் போயிற்று என்று கேட்டாக வேண்டும். முன்பணம் பெரிய கங்காணியின் கைக்கு வந்தது. கடன் கூட்டத்தின் பேரில் எழுதப்பட்டது. போட்டி கூடினால் சம்பளம் உயர வேண்டும். அதற்குப் பதில் முன்பணமும் கடனும்தான் அதிகம் வீங்கின. சந்தையில் தொழிலாளிக்குச் சேர வேண்டிய ஏற்றம் கடனாக உருமாறி அவரையே கட்டியது. ஓட்டத்தைப் பொறுத்தவரை, ஒருவர் இரவில் ஓடிப் போகிறார் என்றால் பகலில் போக வழியில்லை என்றுதானே பொருள்.

மூன்றாவதாக, அந்தக் காலத்தில் வேறு வழியே இல்லை என்ற நியாயம். கடல் கடந்து ஆளைக் கூட்டி வரப் பணம் செலவாகிறது. செலவு செய்த தோட்டம் அதைத் திரும்பப் பெற வேண்டாமா? கேள்வி நியாயமானது, ஆனால் அதற்கு அப்போதே இன்னொரு விடை இருந்தது. மலாயாவில் 1907இலேயே தமிழர் குடியேற்ற நிதி ஒன்றைச் சட்டத்தால் ஏற்படுத்தி, ஆள் வைத்திருந்த எல்லாத் தோட்டங்களிடமும் வரி வாங்கி, ஆள் சேர்ப்புச் செலவைப் பொதுவாக்கினார்கள். அங்கும் கங்காணிதான் ஆள் கூட்டினார். அதே மாவட்டங்களிலிருந்துதான் கூட்டினார். வழிச்செலவைத் தொழிலாளியின் கணக்கில் எழுதாமலே தோட்டங்கள் நடந்தன. இலங்கையிலும் 1904இல் தோட்டக்காரர்கள் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகத்தைத் திறந்தார்கள். ஆளின் கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையை மாட்டி அனுப்பும் முறையும் வந்திருந்தது. அவை ஆளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும் வழிகள். கடனை அவை தொடவில்லை. 1917இல் சென்னை அரசின் சார்பில் மார்ஜோரிபாங்க்ஸும் அகமது தம்பி மரைக்காயரும் இலங்கை, மலாயா இரண்டையும் பார்த்து அறிக்கை கொடுத்தபோது, இரண்டு நாடுகளின் ஏற்பாடுகளும் பக்கம் பக்கமாக வந்து நின்றன. இலங்கையின் மாத ஒப்பந்தச் சுதந்திரத்துக்குள்ளே கடன் எந்த அளவுக்குப் புகுந்திருந்தது என்பதை அதன் பிறகு மறைக்க முடியவில்லை.

அதன் பின் நடந்தவை வேகமானவை. 1919இல் பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் நலச் சங்கத்தைத் தொடங்கினார், பெரி. சுந்தரம் அதில் அவரோடு நின்றார். வேலையை விட்டதற்குச் சிறை என்ற சட்டப் பிரிவுகளை நீக்கக் கோரினார்கள். இந்தியாவிலும் குடியேற்றத்துக்கு எதிரான குரல் ஓங்கியிருந்தது. ஆள் வரத்து நின்றுவிடுமோ என்ற அச்சம் தோட்டக்காரர்களைப் பிடித்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டைத் தடை செய்தது. தண்டனைப் பிரிவுகளும் அதே ஆண்டுகளில் நீங்கின. 1923ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம், மலாயாவில் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே செய்ததைப்போல, ஆள் சேர்ப்புக்குப் பொது நிதி ஏற்படுத்தியது. 1924இல் பதுளைக்கு ரயில் வந்தபோது அதில் வந்து இறங்கியவர்கள் துண்டைக் காணாத முதல் தலைமுறை. இந்த வரிசை மூன்றாவது மறுப்புக்கு இன்னொரு பதிலையும் தருகிறது: துண்டு ஒழிந்த பிறகு தேயிலைத் தோட்டங்கள் கவிழ்ந்துவிடவில்லை.

தாள் ஒழிந்தது, கடன் அதே நாளில் ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பெரிய கங்காணியின் பிடி தளர இன்னும் பத்து இருபது ஆண்டுகள் ஆயின. 1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும், நடேசையர் முப்பதுகளில் நடத்திய தொழிற்சங்கமும், 1939இல் இந்திய அரசு இலங்கைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதும், 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்தது போன்ற வேலைநிறுத்தங்களும் சேர்ந்தே அதைச் செய்தன. இதற்கிடையில் தொழிலாளரின் பேச்சில் இன்னொரு சொல் அச்சம் தருவதாக நிலைத்தது: பற்றுச்சீட்டு, தோட்டத்து உச்சரிப்பில் ‘பத்துச்சீட்டு’. நகரத்தில் அது கடைக்காரர் தரும் ரசீது. தோட்டத்தில் வேலையை விட்டு நிறுத்தி லயத்தைக் காலி செய்யச் சொல்லும் தாள். பற்று என்பது கணக்கேட்டில் கடன் எழுதும் பக்கம் என்பதை நினைத்தால், பெயர் வந்த வழி புரியும். துரைக்கு விடுவிப்பாகத் தெரிந்தது, தொழிலாளியின் மொழியில் கடைசிவரை கடன் பக்கத்தின் பெயரையே சுமந்தது.

டி. வெசும்பெரும 1986இலும் குமாரி ஜயவர்தன அதற்கு முன் 1972இலும் வெளியிட்ட ஆய்வுகள் துண்டுமுறையின் கொடுமையை மறைக்காமல் எழுதியவை. குறை சொற்பட்டியல்களிடம்தான் இருக்கிறது. நூலின் உடல் கடன் என்று பேசும். பின்னிணைப்பு விடுவிப்புச் சீட்டு என்று பொருள் சொல்லும். அவசரமாகப் படிக்கும் மாணவர் பின்னிணைப்பை எடுத்துக்கொள்வார். தமிழில் எழுதும் நாமும் ஆங்கில நூலிலிருந்து அந்த வரியைத் திரும்ப மொழிபெயர்த்து, நம் சொல்லுக்கு அவர்களுடைய பொருளை வாங்கிவந்து வைத்திருக்கிறோம். ‘ஆட்களின் கடனைத் தோட்டங்களுக்கிடையே மாற்றிய சீட்டு’ என்று எழுதினால் மூன்று சொல் கூடும், உண்மையும் கூடும். ஊவாவின் பழைய தோட்ட அலுவலகங்களில் கணக்குப் பேரேடுகளோ செக்ரோல் என்ற வேலைப் பதிவுப் புத்தகங்களோ கரையானுக்குத் தப்பியிருந்தால், அவற்றில் தேட வேண்டியது இதைத்தான்: ஒரு கங்காணியின் கூட்டம் பசறையிலிருந்து அப்புத்தளைக்குப் பெயர்ந்த மாதத்தில், பழைய தோட்டம் எழுதிய தொகையும் புதிய தோட்டம் ஆட்களின் பேரில் ஏற்றிய தொகையும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத் தோட்டம் தோட்டமாகக் கூட்டிப் பார்த்தால், துண்டின் முழுப் பொருளும் எண்ணிலேயே கிடைத்துவிடும்.